முதல் அச்சும் கடைசிப் பிரதியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பசறையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்த கடிதத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க நாவலாசிரியரின் ‘த கிரேட் கேட்ஸ்பி’ முதற்பதிப்புப் பிரதியொன்று ஏலத்தில் ஒரு லட்சம் டொலருக்கும் மேலாக விலைபோனதென்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அதே கதை மலிவுப் பதிப்பாக எல்லாக் கடையிலும் கிடைக்கும்போது இது பணக்காரரின் பைத்தியமா, இல்லை, இலக்கியம் படிக்கிறவனுக்கும் இதிலே ஏதாவது உண்டா என்பது அவரது கேள்வி. எங்கள் மலையக நூல்களுக்கும் இப்படி ஒரு மதிப்பு வருமா என்று கடைசி வரியில் ஒரு துணைக் கேள்வியையும் போட்டிருக்கிறார். மொனராகலையில் தோட்டப் பாடசாலை ஆசிரியனாக இருந்துகொண்டு, கால் நூற்றாண்டாக மலையக நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடித் திரிகிறவன் என்ற வகையில், அந்தத் துணைக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. ஆனாலும் முதற் கேள்வியைத் தீர்த்துவிட்டு அங்கே போவோம்.

பாதி பைத்தியம்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கேட்ஸ்பி’ 1925 ஏப்ரலில் நியூயோர்க்கின் ஸ்கிரிப்னர் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. முதல் அச்சில் 20,870 பிரதிகள். விலை இரண்டு டொலர். ஆகவே எண்ணிக்கையில் அது அரிய நூலே அல்ல. பின் ஏன் இந்த விலை? நூலுக்குமேல் சுற்றியிருந்த காகித உறைக்காக! ஃபிரான்சிஸ் கூகாட் என்ற ஓவியர் வரைந்த, நீல இருளில் இரு கண்கள் மிதக்கும் அந்த உறை, நூலைவிடச் சற்றுப் பெரிதாக இருந்ததால் ஓரங்கள் விரைவிலே கிழிந்தன. வாங்கியவர்கள் கழற்றி எறிந்துவிட்டார்கள். இன்று உறையில்லாத பிரதிக்குச் சில ஆயிரம் டொலர். நல்ல உறையுள்ள பிரதிக்கு அதுபோல் பல மடங்கு. குப்பைக்கூடைக்குப் போன காகிதம் நாவலைவிட விலை உயர்ந்து நிற்கும் இந்தக் கூத்தை நான் இலக்கிய ஆர்வம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு பாதி அப்படியல்ல. ‘கேட்ஸ்பி’யின் முதல் அச்சை அடையாளம் காண, சேகரிப்பாளர்கள் 205ஆம் பக்கத்தைப் புரட்டுவார்கள். ‘சிக்கன்டயர்ட்’ என்று பேச்சுவழக்கில் ஒரே சொல்லாக ஆசிரியர் எழுதியது, ‘சிக் இன் டயர்ட்’ என்று மூன்று சொற்களாகி அர்த்தம் கெட்டு அச்சாகியிருக்கும். ஹெமிங்வேயின் ‘த சன் ஆல்ஸோ ரைசஸ்’ 1926இல் வந்தபோது 181ஆம் பக்கத்தில் ‘ஸ்டொப்ட்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து ‘பி’ மூன்றாகியது. இவற்றைத் தேடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எழுதியவனின் மேசையிலிருந்து வாசகனின் கைக்கு ஒரு நூல் வந்த வழியில் யார் எங்கே கைவைத்தார்கள் என்பதை இந்தச் சின்னத் தழும்புகள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

சில சமயம் அது சின்னத் தழும்பாக இராது. ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 1851 ஒக்டோபரில் அது முதலில் வெளிவந்தது அமெரிக்காவில் அல்ல, லண்டனில். பெயரும் ‘திமிங்கிலம்’ என்று பொருள்படும் ‘த வேல்’. மூன்று பாகங்கள், 500 பிரதிகள். அந்தப் பதிப்பில் நாவலின் கடைசிப் பகுதியான பின்னுரை விடுபட்டுப் போயிற்று. கப்பல் மூழ்கிய பிறகு கதைசொல்லி ஒருவன் மட்டும் உயிர்தப்பினான் என்பதைச் சொல்வது அந்தப் பின்னுரைதான். அது இல்லாமல் படித்த லண்டன் விமர்சகர் சிலர், எல்லோரும் செத்துப்போன பின் இந்தக் கதையைச் சொல்வது யார் என்று கேலி செய்தார்கள். அடுத்த மாதம் நியூயோர்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் அந்தப் பகுதி இருந்தது. ஒரு நாவலின் முதல் வரவேற்பு ஏன் அப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவன் இரண்டு முதற்பதிப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். 1853 டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனம் தீப்பற்றி எரிந்தபோது விற்காமல் கிடந்த ‘மோபி டிக்’ பிரதிகள் ஏறக்குறைய முந்நூறு சாம்பலாயின என்பதையும் சொல்லி வைக்கிறேன். நூல்கள் எரிந்த கதை எங்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதற்பதிப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தை முதன்முறை கோத்து, முதன்முறை இயந்திரத்தில் ஓட்டி எடுத்த பிரதிகளையே சேகரிப்பாளர் முதற்பதிப்பின் முதல் அச்சு என்பார்கள். அதே கோப்பில் மறுமாதம் மேலும் ஆயிரம் அடித்தால் அது இரண்டாம் அச்சு. எழுத்தைப் புதிதாகக் கோத்தாலோ கணிசமாகத் திருத்தினாலோதான் இரண்டாம் பதிப்பு. எங்கள் பதிப்பாளர்கள் இந்த வேறுபாட்டை மதிப்பதேயில்லை. ஒரு புள்ளிகூட மாறாத மறு அச்சுக்கு ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடுவார்கள். பாதி நாவலை வெட்டிவிட்டு ஒன்றுமே சொல்லாமலும் விடுவார்கள். திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளிவந்த சரித்திர நாவல். தமிழில் சரித்திர நாவலுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறோம். அது பின்னாளில் சுருக்கப்பட்டு வேறு பெயரிலும் நடமாடியது. முதல் நூலைக் காணாதவர் சுருக்கத்தைப் படித்துவிட்டு ஆசிரியரை எடைபோட்டால் யாருக்கு நட்டம்?

பழைய தமிழ் நூலொன்றின் காலத்தை அறிவதற்கே ஒரு தனிப் பயிற்சி வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ‘சர்வசித்து வருடம், ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சக்கரத்தில் அது 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். காகிதத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். அச்சகத்தின் பெயரும் தெருவும் துணைசெய்யும். ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலிய எழுத்துக்கள் பழைய கொம்போடு இருக்கின்றனவா என்பது ஒரு தடயம். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. இலங்கை அச்சகங்கள் பழைய எழுத்தை நெடுங்காலம் கைவிடவில்லை.

அருமை என்று பார்த்தால் தமிழ் நூல்களுக்கு அமெரிக்க நாவல்கள் ஈடாகா. கொல்லத்தில் 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். பதினாறே பக்கம். இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அமெரிக்கருடைய முதற்பதிப்பு மோகத்தைக் கேலி செய்யும்போது நான் இதையும் நினைத்துக்கொள்வேன். எங்கள் முதல் அச்சுப் புத்தகத்தைப் பார்க்கவேண்டுமானால் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டியிருக்கிறது.

இனி எங்கள் மலைகளுக்கு வருகிறேன்.

மலையகத்தைப் பற்றிய அச்சு நூல்களில் மிகப் பழையதாகப் பேசப்படுவது ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. கோப்பி எப்படி நடுவது, எப்படி வளர்ப்பது என்பதைக் கும்மிப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு போகும் நூல். துரைமாரின் நோக்கில் நின்று எழுதப்பட்டதுதான். தொழிலாளியின் துயரத்தை அதில் தேடுவது வீண். ஆனாலும் அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1869இல், எங்கள் ஊவாவின் மடுல்சீமையில், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் துகள் படிந்திருப்பதை முதன்முதலாகக் கண்டார்கள். இலங்கையின் கோப்பியை இருபது வருடத்துக்குள் துடைத்தெடுத்த இலைத்துரு நோய் அதுதான். கோப்பி வளர்க்கப் பாட்டு அச்சான வருடத்திலேயே கோப்பிக்குச் சாவோலையும் வந்துவிட்டது! பின்னர் வந்த எந்த மறுபதிப்பின் முன்னுரையும் இந்தப் பொருத்தத்தை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிடாது. தலைப்புப் பக்கத்திலுள்ள அந்த நான்கு இலக்கங்கள் சொல்கின்றன. முதற்பதிப்பின் பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

இந்தக் கும்மி வெளிவந்தபோது, இலங்கையில் அச்சாகும் நூலின் பிரதியை எங்காவது ஒப்படைத்துப் பாதுகாக்கவேண்டும் என்ற சட்டம் இருக்கவில்லை. அந்தக் கட்டளைச் சட்டம் 1885இல்தான் வந்தது. அதன்பின் கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கு நூல்கள் போய்ச்சேரத் தொடங்கின. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது, அதே 1885இல் வெளிவந்தது. சட்டத்துக்கு முன் பிறந்த பிள்ளைகள் தப்பிப் பிழைத்ததெல்லாம் யாரோ ஒருவரின் அலுமாரியில், அல்லது கடல்கடந்த நூலகம் ஒன்றில். ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ முதலிய பழைய பிரதிகளைத் தேடிப்பிடித்து விரிவாக ஆராய்ந்தவர் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன். அவருடைய ‘கூலித் தமிழ்’ 2014இல் வெளிவந்தது. தோட்டத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கைநூல்களையும் அவர் அதில் பிரித்து வைத்திருக்கிறார். டபிள்யூ. ஜி. பி. வெல்ஸின் ‘கூலி டமில்’, 1915இல் வந்தது, அவ்வகையினது. ‘வா, போ, எடு, வெட்டு’ என்ற ஏவல் சொற்களாலேயே ஒரு மொழியைக் கற்பிக்க முடியும் என்று நம்பியவர்களின் நூல்கள் அவை. இன்று அவை பழம்பொருளாகி விலையேறிவிட்டன. ஏவப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாங்க முடியாத விலை!

நித்தியானந்தனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘வைகறை’ என்ற பெயரில் அவர் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்தினார். அது மலையகத்துக்குத் தந்த மூன்று நூல்கள்: தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ 1979இல், என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இல், சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ 1981இல். மூன்றே நூல்கள். மலையக உரைநடையின் மூன்று தூண்களும் அந்த மூன்று வருடத்துக்குள் நூலாகிவிட்டன. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1934இல் பிறந்து, 2022இல் மறைந்த ஜோசப், தான் வாழ்ந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். இராமையா வானொலிக்கு நாடகம் எழுதிப் பழகியவர். இங்கேயிருந்து பேசுகிற எனக்கு அது ஒரு தனி உறுத்தல். காற்றோடு போன நாடகத்துக்கு முதற்பதிப்பு ஏது?

ஆக, எங்களுக்கு நூல்தான் முதல் என்று சொல்லவும் முடியாது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதை 1961இல் தினகரனில் வந்தது. தொகுதியானது பத்தொன்பது வருடம் கழித்து. அப்படியானால் முதற்பதிப்பு எது? பத்திரிகைத் தாளா, புத்தகமா? அமெரிக்கரும் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ 1952 செப்டெம்பர் முதலாம் திகதிய ‘லைஃப்’ சஞ்சிகையில் முழுவதுமாக வெளியாகி, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இரண்டே நாளில் விற்றன. ஒரு வாரம் கழித்துத்தான் புத்தகம் வந்தது. சேகரிப்பாளர்கள் புத்தகத்தையே முதற்பதிப்பு என்று போற்றி, சஞ்சிகையை மலிவாக விட்டுவிடுகிறார்கள். எங்கள் விடயத்தில் நான் மறுபக்கம் நிற்கிறேன். மலையகத்தின் முதற்பதிப்புப் பெரும்பாலும் தினகரன், வீரகேசரி ஞாயிறு இதழ்களின் ஒரு மூலைதான். அந்தத் தாளில்தான் தோட்டத்து வாசகன் முதலில் படித்தான். அதுவும், புதிதாக வந்த நாளில் அல்ல. இரண்டு நாள் கழித்து, கடையில் சீனி சுற்றி வந்த தாளாகவும் இருக்கலாம்.

இனி, இந்த நூல்கள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் வாசகர் இல்லை, அதனால் நூலும் இல்லை என்று கொழும்பிலே சிலர் இலேசாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். லயத்தில் ஒரு புத்தகம் ஒரு வீட்டுக்கு உரியதல்ல. ஒருவர் வாங்குவார்; அட்டை கழன்று, கம்பித் தையல் விட்டு, கடைசிப் பக்கம் காணாமற் போகும்வரை அது காம்பராவுக்குக் காம்பரா போகும். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, நாலு பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். அப்படித் தேய்ந்து தீர்ந்தவை ஏராளம். பளபளவென்ற மலையக முதற்பதிப்பொன்று கைக்கு வந்தால், இதை யாரும் படிக்கவேயில்லையோ என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது காகிதம். 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்ப் பதிப்புக்கு ஒரு வாய்ப்புப் பிறந்தது. வீரகேசரிப் பிரசுரம் நாவல்களை மலிவு விலையில் அடித்துத் தள்ளியது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் அவ்வரிசையில் வந்ததுதான். தோட்டத்துக்கு நாவல் போய்ச்சேர்ந்ததற்கு அந்த மலிவு ஒரு பெருங் காரணம். நாவல் நிலைக்காமற் போனதற்கும் அதுவே காரணம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டு பிறக்கிறது. ஐம்பது வருடத்தில் பழுப்பேறி, மடித்தால் முறிகிறது. நமுனுக்குலை மூடுபனியில் அது பூஞ்சணம் பிடிக்கும். மொனராகலை வெக்கையில் காய்ந்து உதிரும். கம்பித் தையலின் கம்பி துருவேறித் தாளையும் அரித்துவிடும்.

மூன்றாவது காரணத்தைப் பெருமூச்சில்லாமல் சொல்ல இயலாது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும், 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று எழுதினார்கள். மிச்சமிருந்தவர்களை 1974இல் பங்குபோட்டார்கள். பதுளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அம்மி, குழவியைக் கூடக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. புத்தகங்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் ஏறவில்லை. ஏறியவை இராமேஸ்வரம் தாண்டி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் கொத்தகிரி, கூடலூர்க் குடியிருப்புகளிலும் சிதறின. மலையக முதற்பதிப்பொன்று இன்று கூடலூரில் ஒரு வீட்டுப் பரணில் கிடக்கலாம் என்று நான் சொல்வது ஆசைக்காக அல்ல. ஒருமுறை அங்கிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த பழைய துணிப்பெட்டியின் அடியில், தாளுக்குப் பதிலாக விரித்திருந்தது 1960களின் ஞாயிறு இதழொன்று. அதில் ஒரு சிறுகதையின் முதற்பாதி இருந்தது. மறுபாதியை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த கணக்கில் துணி, நகை, பலசரக்கு எழுதப்பட்டது, புத்தகம் எழுதப்படவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1981 மே மாத இறுதியில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின என்பது உலகறிந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சான மலைநாட்டு நூல்கள் சிலவற்றின் கதியும் அத்தோடு முடிந்திருக்கும். ஹார்ப்பர் நிறுவனத்தின் தீ விபத்து. எங்கள் தீ விபத்தல்ல.

இவ்வளவுக்கும் பின் கிடைப்பது எங்கே என்று கேட்பீர்கள். பழைய தாள், போத்தல் வாங்குகிறவர்கள் எனது முதல் நண்பர்கள். ‘காலங்கள் சாவதில்லை’யின் எனது பிரதி கடலைச் சரையாகிவிடும் நிலையில் பதுளையில் மீட்டது, பதினாறு பக்கம் அதற்குமுன் சரையாகிவிட்டது. பாடசாலை நூலகங்களில் வருடாவருடம் நடக்கும் ‘சுத்தம் செய்தல்’ மிக ஆபத்தான நிகழ்ச்சி. ஒரு பாடசாலையில் அட்டையில்லாத நூல் எல்லாவற்றையும் ‘பாவனைக்கு உதவாதவை’ என்று குறித்து எரித்துவிட்டார்கள். எங்கள் நூல்களில் அட்டையுள்ளது எது? ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கப்பிள்ளைமார், டீமேக்கர்மார், தொழிற்சங்கக்காரர் வீடுகளில் நல்ல பிரதிகள் இருக்கின்றன. போய் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசவேண்டும். எடுத்த எடுப்பில் விலை கேட்கக்கூடாது.

விலையைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. அமெரிக்கப் பாணியில் எங்கள் நூல்களுக்கும் விலை ஏறவேண்டும், அப்போதுதான் ஜனங்கள் காப்பாற்றுவார்கள் என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாதி உண்மைதான், விலையுள்ள பொருளை யாரும் சரை சுற்றமாட்டார்கள். ஆனால் விலை ஏறியவுடன் நூல் பூட்டுக்குள் போய்விடும். நூறு பிரதிகள் இருக்கும்போது ஒன்றைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு. இரண்டு பிரதிகள் மட்டும் இருக்கும்போது ஒன்றைப் பூட்டி வைப்பது மற்றவருக்கு அந்த நூலை இல்லாமற் செய்வது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல், சஞ்சிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் அதைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. தமிழ்ச் செல்வம் கப்பலேறிப் போகிறதே என்று பயப்படத்தான் தோன்றும். ஆனால் சேகரம் கப்பலேறவில்லை. சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நுண்படம் எடுத்தார்கள், யாரும் போய்ப் படிக்கலாம். வாங்கியவன் எந்த நாட்டான் என்பதைவிட, வாங்கிய பின் கதவு திறந்திருக்கிறதா என்பதையே நான் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம், தன்னார்வலர்களின் கைகளால் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. மலையக நூல்கள் பலவற்றை இளைஞர்கள் அங்கேதான் முதலில் காண்கிறார்கள்.

அப்படியானால் காகிதப் பிரதி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1997இல் துரைவி பதிப்பகம் வெளியிட்ட ‘மலையகச் சிறுகதைகள்’ தொகுதியைத் தெளிவத்தை ஜோசப் தொகுத்தபோது, பழைய கதைகளைத் தேடி அவர் பட்ட பாட்டை மலையக எழுத்தாளர் எல்லோரும் அறிவார்கள். தொகுதி கதையைக் காப்பாற்றும். ஆனால் அந்தக் கதைக்குப் பக்கத்தில் அன்றைய இதழில் என்ன செய்தி இருந்தது, எந்தக் கடையின் தீபாவளி விளம்பரம் வந்தது, சித்திரக்காரர் தோட்டத்துப் பெண்ணை எப்படி வரைந்தார் என்பதைத் தொகுதி தராது. முதற்பதிப்பின் முன்னுரையில் ஆசிரியர் யாருக்கு நன்றி சொன்னார், அடுத்த பதிப்பில் யாருடைய பெயரை எடுத்துவிட்டார் என்பதும் ஒரு வரலாறுதான்.

கடைசியாக, வீட்டில் ஒரு பழைய நூல் இருந்தால் என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுகிறேன். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். லெமினேட் செய்யாதீர்கள். துருவேறிய கம்பியை மெதுவாகக் கழற்றி, வெள்ளை நூலால் தையுங்கள். அலுமாரியில் வேப்பிலையோ வசம்போ வைக்கலாம், தாளில் படாமல். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட வைத்தால் போதும், வெயில் வேண்டாம். உங்கள் பெயரை எழுதத்தான் வேண்டுமென்றால் பென்சிலால் எழுதுங்கள். முன்பு யாராவது எழுதிய பெயரை அழிக்காதீர்கள். ‘1976 விளையாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு’ என்ற ஒரு வரி, அந்தத் தோட்டப் பாடசாலை புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தது என்பதற்கு இருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம்.

நூலைக் கொடுக்க மனமில்லையென்றால் கொடுக்கவேண்டாம். கைத்தொலைபேசியால் படமெடுத்து அனுப்பினாலே போதும். ஆனால் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அட்டையைத்தான் எடுத்து அனுப்புகிறார்கள். அட்டை இரண்டாவது. முதலில் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்புறத்தை எடுங்கள். அச்சகத்தின் பெயர், ஊர், மாதம், விலை எல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். பிறகு முன்னுரை. பிறகு பின்னட்டை விளம்பரம். பக்கம் காணாமற் போயிருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். என்னுடைய ‘காலங்கள் சாவதில்லை’யில் இல்லாத அந்தப் பதினாறு பக்கம் உங்களுடையதில் இருக்கக்கூடும்.